ஊர்ப்பெண் கையில் ஊசி

ஒரு சட்டத்தில் கோத்த சில மணிகள். பக்கத்திலேயே ஒரு நிமிடத்தில் மணல் இறங்கித் தீர்ந்துவிடும் சின்னக் கண்ணாடிக் குடுவை. பார்த்தால் குழந்தைகளின் விளையாட்டுச் சாமான் என்றுதான் நினைப்போம். 1980களின் கடைசியில் மகாராஷ்டிராவின் கட்சிரோலி மாவட்டத்தில் ஊர் மருத்துவச்சிகளிடம் கொடுக்கப்பட்ட கருவி இது. பலருக்குப் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் எண்ணத் தெரியாது. ஆனால் குழந்தைக்கு நிமோனியாவா வெறும் சளியா என்று கண்டுபிடிக்க நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணியாக வேண்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசு என்றால் 60, அதற்கு மேல் ஒரு வயதுவரை 50 என்பது எல்லைக்கோடு.

அந்த மருத்துவச்சிகளை உட்காரவைத்து நூறு வரை எண்ணப் பழக்கலாம் என்று யாரும் கிளம்பவில்லை. அதற்குப் பதில் கருவியை மாற்றினார்கள். குடுவையைக் கவிழ்த்துவிட்டுக் குழந்தையின் வயிறு ஏறி இறங்குவதைப் பார்க்க வேண்டும். பத்து மூச்சுக்கு ஒரு மணியைத் தள்ள வேண்டும். மணல் தீர்வதற்குள் மணிகள் தீர்ந்துவிட்டால் நிமோனியா. கைக்குழந்தைக்கு ஒரு வரிசை மணி, கொஞ்சம் பெரிய குழந்தைக்கு இன்னொரு வரிசை. அவ்வளவுதான். கண்டுபிடித்த கையோடு மருந்தும் கொடுக்கலாம். கோட்ரைமாக்சசோல் என்ற நுண்ணுயிர்க்கொல்லி அவர்கள் பையிலேயே இருந்தது.

1990-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியான ஆய்வு, இப்படி ஊராரைப் பழக்கிய கிராமங்களில் நிமோனியா சாவு மற்ற கிராமங்களைவிடப் பாதிக்கும் குறைவு என்று காட்டியது. ஐந்து வயதுக்குட்பட்ட ஆயிரம் குழந்தைகளுக்கு 17.5 என்று இருந்த இடத்தில் 8.1.

ஊராரையே பழக்கி உடல்நல ஏற்றத்தாழ்வைக் குறைப்பது என்று பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த மணிச்சட்டம். 'சமூகப் பங்கேற்பு', 'விழிப்புணர்வு' என்ற சொற்களைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. விழிப்புணர்வு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பயிற்சி என்பதற்கு 'ஊராருக்கு நாலு விஷயம் சொல்லிக்கொடுப்பது' என்றே நாம் பொருள் வைத்திருக்கிறோம். பயிற்சி பெற்றவர் கையில் என்ன கொடுக்கிறோம், அதை வைத்து அவர் என்ன செய்யலாம், செய்து சிக்கலானால் அவருக்குப் பின்னால் யார் நிற்பார்கள்? இந்த மூன்றும் இல்லாமல் எத்தனை நாள் பாடம் எடுத்தாலும் கடைசியில் அந்தப் பெண் நோட்டீஸ் கொடுப்பவராகத்தான் நிற்பார்.

முதலில் ஏற்றத்தாழ்வு என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். வயதானவருக்கு மூட்டு வலிப்பதும் இளைஞனுக்கு வலிக்காததும் வெறும் வேறுபாடு. ஒரே வயது, ஒரே நோய், ஆனால் மலைமேல் இருப்பதாலோ கையில் காசில்லாததாலோ குறிப்பிட்ட தெருவில் பிறந்ததாலோ ஒருவர் சாவதும் இன்னொருவர் பிழைப்பதும் ஏற்றத்தாழ்வு. 1971-ல் வேல்ஸின் சுரங்கத் தொழிலாளர் ஊர் ஒன்றில் மருத்துவராக இருந்த ஜூலியன் டியூடர் ஹார்ட் இதை ஒரு விதியாகவே எழுதி வைத்தார். எங்கே மருத்துவம் அதிகம் தேவையோ அங்கே அது குறைவாகக் கிடைக்கும். மருத்துவத்தைச் சந்தையிடம் எவ்வளவு விடுகிறோமோ அவ்வளவுக்கு இந்தத் தலைகீழ் நிலை முற்றும். ஐம்பது ஆண்டு ஆகிவிட்டது. நம்மூரில் சிறப்பு மருத்துவமனைகள் எந்தச் சாலையில் வரிசையாக நிற்கின்றன, எந்த மலையடிவாரத்தில் ஒன்றுகூட இல்லை என்று எண்ணிப் பார்த்தால் அவர் சொன்னது இன்னும் பழசாகவில்லை என்று தெரியும்.

டாக்டர் போகாத இடத்துக்கு டாக்டரை அனுப்பலாமே என்பது நியாயமான கேள்வி. அனுப்பிப் பார்க்காமலும் இல்லை. போகிறவர் தங்குவதில்லை. தங்கினாலும் ஊர் அவரிடம் வாய் திறக்கக் காலம் பிடிக்கிறது. திறப்பதற்குள் மாறுதல் ஆணை வந்துவிடும்.

கட்சிரோலிக்குத் திரும்புவோம். நாக்பூரிலிருந்து ஏறத்தாழ 170 கிலோமீட்டர் தள்ளி, காடும் பழங்குடி ஊர்களுமாக இருக்கும் மாவட்டம். அபய் பங், ராணி பங் என்ற மருத்துவத் தம்பதி அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரம் படித்துவிட்டு வந்து இங்கே 'சர்ச்' (SEARCH) என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். நிமோனியா வேலை கைகூடியதும் அதைவிடக் கடினமான ஒன்றைத் தொட்டார்கள். அது பிறந்து 28 நாள் ஆகாத சிசு.

பச்சிளம் குழந்தை நோய்ப்பட்டால் மருத்துவமனை, கண்ணாடிப் பெட்டி, சிறப்பு மருத்துவர் என்பதுதான் அன்றைய மருத்துவ உலகின் ஒரே பதில். கட்சிரோலியில் 763 சிசுக்களை வீடு வீடாகப் போய்க் கவனித்தபோது தெரிந்தது வேறு. அவற்றில் 54 சதவீதத்துக்கு மருத்துவம் தேவைப்பட்டது. கிடைத்தது 2.6 சதவீதத்துக்கு. பேறுகால அறையைத் தாண்டித் தாயும் சேயும் வெளியே வருவதில்லை; கொண்டுபோக வண்டி இல்லை; கொண்டுபோனாலும் செலவுக்கு என்ன செய்வது; அதற்குள் குழந்தை போய்விட்டால் பிணத்தைத் தூக்கிக்கொண்டு திரும்ப வேண்டும். ஆக, மருத்துவமனை சிசுவுக்குச் சிறந்த இடமா இல்லையா என்ற கேள்விக்கே அங்கே வேலையில்லை. சிசு அங்கே வரப்போவதில்லை.

39 ஊர்களில் ஊருக்கு ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்தார்கள். ஐந்தாவது முதல் பத்தாவது வரை படித்தவர்கள். மராத்தியில் 'ஆரோக்கியதூத்' என்று பெயர், நலத் தூதர் என்று வைத்துக்கொள்ளலாம். ஒப்பிட்டுப் பார்க்க 47 ஊர்களைத் தனியே வைத்தார்கள். 1995-ல் வேலை தொடங்கியது. எடுத்த எடுப்பில் யார் கையிலும் ஊசியைக் கொடுத்துவிடவில்லை. முதல் ஆண்டு பெரும்பாலும் பார்ப்பதும் எழுதுவதும்தான். பிரசவத்தின்போது மருத்துவச்சியோடு கூட இருப்பது, எடை பார்ப்பது, வெப்பம் பார்ப்பது, மூச்சு எண்ணுவது, எல்லாவற்றையும் படிவத்தில் குறிப்பது. அது கைவந்த பிறகு மூச்சுத் திணறும் குழந்தையைக் காப்பாற்றுவது, எடை குறைந்த குழந்தையைக் கதகதப்பாக வைப்பது என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். இரண்டாம் ஆண்டில்தான் ஊசி வந்தது.

அங்கே சிசுக்களைக் கொல்வதில் முதன்மையானது ரத்தத்தில் பரவும் தொற்று. மருத்துவமனையில் இதைக் கண்டுபிடிக்க ரத்தம் எடுத்துச் சோதிப்பார்கள். ஊரில் அதற்கு வழியில்லை. ஆகவே கண்ணுக்கும் கைக்கும் தெரிகிற அறிகுறிகளைப் பட்டியலிட்டார்கள். நன்றாகப் பால் குடித்த குழந்தை குடிப்பதைக் குறைத்துவிட்டது. அழுகை மெலிந்துவிட்டது. கைகால் தொய்ந்துவிட்டது. வாந்தி, அல்லது வயிறு உப்பல். மூச்சு இழுக்கும்போது மார்பு உள்வாங்குகிறது. தொப்புளில் சீழ். தொட்டால் சில்லென்று இருக்கிறது என்றோ சுடுகிறது என்றோ தாய் சொல்கிறாள். இவற்றில் எவையேனும் இரண்டு சேர்ந்து வந்தால் தொற்று என்று கொள்ள வேண்டும். கடைசி அறிகுறியைக் கவனியுங்கள். 'தாய் சொல்கிறாள்' என்பதே ஒரு மருத்துவச் சான்று. வெளிநோயாளர் பிரிவில் எத்தனை தாய்மார் 'குழந்தை ஒரு மாதிரியா இருக்கு சார்' என்று சொல்லி, 'ஒரு மாதிரின்னா என்னம்மா?' என்று அதட்டு வாங்கியிருப்பார்கள்.

அறிகுறி இரண்டு சேர்ந்தால் ஆரோக்கியதூத் முதலில் மருத்துவமனைக்குப் போகச் சொல்வார். பெற்றோர் மறுத்தால், அவர்கள் சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு வீட்டிலேயே ஜென்டமைசின் ஊசியும் கோட்ரைமாக்சசோல் மருந்தும் கொடுப்பார். மேற்பார்வையாளர் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வந்து படிவங்களைச் சரிபார்ப்பார்.

பத்தாவதுகூடத் தாண்டாத பெண் பிறந்த குழந்தைக்கு ஊசி போடுவதா என்று மருத்துவர்கள் கொதித்ததில் வியப்பில்லை. எனக்கும் முதலில் படித்தபோது திக்கென்றுதான் இருந்தது. ஆனால் அந்தக் குழந்தைக்கு எதிரே இருந்தது இந்தப் பெண்ணா குழந்தை மருத்துவரா என்ற தேர்வு இல்லை. இந்தப் பெண்ணா அல்லது யாருமே இல்லையா என்பதுதான். தொற்று வந்த சிசுக்களில் முன்பு 16.6 சதவீதம் இறந்தன. ஊசி வந்த பிறகு 2.8 சதவீதம். எல்லாம் சேர்த்துப் பார்த்தால், மூன்று ஆண்டில் அந்த 39 ஊர்களில் பச்சிளம் சிசு இறப்பு, ஒப்பீட்டு ஊர்களோடு வைத்துக் கணக்கிட்டபோது, 62 சதவீதம் குறைந்திருந்தது. 1999 டிசம்பரில் இதுவும் 'லான்செட்'டில் வந்தது. புதிய மருத்துவமனையாலோ சாலையாலோ வந்த குறைவு இல்லை இது.

கட்சிரோலிக்கு முன்பே இந்தப் பாதையில் நடந்தவர்கள் உண்டு. அதே மகாராஷ்டிராவின் அகமத்நகர் (இன்று அகில்யாநகர்) மாவட்டத்தில் ஜாம்கேட். வேலூர் சி.எம்.சி.யில் படித்த ரஜனிகாந்த் ஆரோலே, மேபல் ஆரோலே தம்பதி 1970-ல் அங்கே போய் இறங்கினார்கள். அவர்களும் முதலில் செய்தது எல்லாரும் செய்கிற தவறைத்தான். பயிற்சி பெற்ற செவிலியர்களைக் கிராமங்களில் தங்கவைக்கப் பார்த்தார்கள். வெளியூர் இளம்பெண்களுக்கு ஊர் ஒட்டவில்லை, ஊருக்கும் அவர்கள் ஒட்டவில்லை. கடைசியில் ஊர்க்காரர் ஒருவர்தான் எங்கள் ஊர்ப் பெண்களையே பழக்குங்களேன் என்றார். மருத்துவர்களுக்கு இது தோன்றவில்லை என்பதை ஆரோலேக்களே மறைத்ததில்லை.

அப்படி வந்தவர்களில் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள். பலர் தலித் பெண்கள். கைம்பெண்களும் கணவன் விட்டுப்போனவர்களும் உண்டு. அவர்கள் வாராவாரம் ஜாம்கேடுக்கு வந்து தங்கிப் படித்துவிட்டு ஊர் திரும்பினார்கள். அடுத்த வாரம் வரும்போது போன வாரம் யார் வீட்டில் என்ன ஆயிற்று என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். அதுதான் பாடம். இந்த வாராந்தர வருகை பல ஆண்டு நீடித்தது. பயிற்சியை முடித்துச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடுவது என்ற வழக்கம் அங்கே இல்லை. 1970களின் தொடக்கத்தில் ஒரு வயதுக்குட்பட்ட சிசு இறப்பு ஆயிரத்துக்கு 176. 1990களில் 30-க்கும் கீழே.

இதற்கு ஊசி மருந்து மட்டும் காரணமில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வறட்சிக் காலத்தில் ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் வேலையில் இறங்கியபோது, கிணற்றுக்கான இடத்தை ஆரோலேக்கள் தலித் குடியிருப்புப் பக்கமாகப் பார்த்து வைத்தார்கள். தண்ணீர் வேண்டும் என்றால் ஊர் சேரிக்கு வந்தாக வேண்டும். வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் கலக்கச் சொல்லிக்கொடுப்பதும் கிணற்றை எங்கே தோண்டுவது என்று தீர்மானிப்பதும் ஒரே வேலையின் இரு பக்கம். முதலாவதை மட்டும் பயிற்சி என்று அழைக்கும் பழக்கம் நமக்கு எப்படி வந்ததோ தெரியவில்லை.

இனி, இது அரசுத் திட்டமாகும்போது என்ன ஆகிறது என்பதைப் பார்ப்போம். 1977 அக்டோபர் 2 அன்று அன்றைய ஜனதா அரசு சமூக நலப் பணியாளர் திட்டத்தைத் தொடங்கியது. ஆயிரம் பேருக்கு ஒருவர், மூன்று மாதப் பயிற்சி, மாதம் 50 ரூபாய். காகிதத்தில் ஜாம்கேட் மாதிரியேதான் இருந்தது. நடப்பில் தேர்வானவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். ஊரில் செல்வாக்குள்ளவர் தம் ஆட்களையே உள்ளே கொண்டுவந்தார். குழந்தை பெற்ற வீட்டுக்குள் இந்த ஆண்கள் எப்படிப் போவார்கள்? கொஞ்ச நாளில் பலர் மாத்திரை விற்கும் குட்டி வைத்தியராகிவிட்டார்கள். 'தன்னார்வலர்', 'வழிகாட்டி' என்று பெயர்தான் மாறிக்கொண்டிருந்தது. திட்டம் மெல்லத் தேய்ந்து போனது.

அதே 1977-ல், மெக்சிகோ மலைக் கிராமங்களில் பணியாற்றிய டேவிட் வெர்னர் ஒரு கேள்வி கேட்டார். ஊர் நலப் பணியாளர் எடுபிடியா, விடுவிப்பவரா? அமைப்பு அவரை எந்த நோக்கத்தோடு அமர்த்துகிறதோ அதைப் பொறுத்து ஒரே பயிற்சி இரண்டில் ஏதாவது ஒன்றை உண்டாக்கும் என்பது அவர் வாதம். இந்தியாவில் அடுத்து நடந்தவற்றை இந்தக் கேள்வியோடு சேர்த்துப் பார்த்தால் நன்றாக விளங்குகிறது.

2002-ல் சத்தீஸ்கர் 'மிதானின்' திட்டத்தைத் தொடங்கியது. மிதானின் என்றால் அந்தப் பக்கத்து வழக்கில் உயிர்த்தோழி. சடங்கு செய்து ஏற்றுக்கொள்ளும் தோழமை அது. ஊருக்கு ஒருவர் என்று வைக்காமல் குடியிருப்புக்கு ஒருவர் என்று வைத்தார்கள். கிராமத்தின் ஒவ்வொரு குடியிருப்பும் பெரும்பாலும் ஒவ்வொரு சாதி, ஒவ்வொரு பழங்குடி என்பதால் இது சின்ன முடிவு இல்லை. ஊருக்கு ஒருவர் என்றால் அவர் எந்தத் தெருக்காரர், எந்தத் தெருவுக்குள் கால் வைக்க மாட்டார் என்ற கேள்வி உடனே வந்துவிடும். 60,000-க்கும் மேற்பட்ட மிதானின்கள் வந்தார்கள். மருந்தோடு நிற்காமல் ரேஷன் கடையில் அரிசி ஏன் வரவில்லை, அங்கன்வாடி ஏன் திறக்கவில்லை, பக்கத்து வீட்டில் ஏன் மனைவியை அடிக்கிறான் என்றும் கேட்டார்கள்.

இதைப் பார்த்துத்தான் 2005-ல் தேசிய ஊரகச் சுகாதார இயக்கம் 'ஆஷா' பணியாளர்களைக் கொண்டுவந்தது. இன்று நாடு முழுக்க ஏறத்தாழ 10 லட்சம் பேர். தடுப்பூசியில், மருத்துவமனைப் பிரசவத்தில், கொரோனாக் காலத்தில் அவர்கள் செய்ததைக் குறைத்துச் சொல்ல முடியாது. 2022-ல் உலகச் சுகாதார நிறுவனம் விருது கொடுத்தது சரிதான். ஆனால் குடியிருப்புக்கு ஒருவர் என்பது மறுபடி ஆயிரம் பேருக்கு ஒருவர் ஆயிற்று. முதல் சுற்றுப் பயிற்சி 23 நாள். தொடக்கத்தில் ஊதியம் கிடையாது, செய்த வேலைக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகை. கர்ப்பிணியை மருத்துவமனைக்கு அழைத்துப்போனால் காசு உண்டு. அடி வாங்கிய பெண்ணோடு உட்கார்ந்து இரண்டு மணிநேரம் பேசினால் கிடையாது. காசு எங்கே இருக்கிறதோ வேலை அந்தப் பக்கம் சாயும். இதில் ஆஷாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கட்சிரோலிக்கு என்ன ஆயிற்று? 2011-ல் வீட்டுவழிச் சிசுப் பராமரிப்பு நாடு முழுக்கப் போனது. மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் ஆஷா வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். எல்லாம் பார்த்து முடித்தால் 250 ரூபாய். தராசு வந்தது, வெப்பமானி வந்தது, படிவம் வந்தது. ஊசி மட்டும் வரவில்லை. தொற்று என்று சந்தேகப்பட்டால் மேலே அனுப்பு என்பதே ஆஷாவுக்கான விதி. 2014-ல் துணைச் செவிலியர் ஜென்டமைசின் கொடுக்கலாம் என்று மத்திய அரசு அனுமதித்தது, அதுவும் மேலே கொண்டுபோக முடியாதபோது மட்டும்.

இதற்கு அரசின் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. 39 ஊர்களில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை போய்ப் பார்த்துத் திருத்த ஆள் உண்டு. பத்து லட்சம் பேர் பின்னால் அப்படி யார் நிற்பது? மேற்பார்வை இல்லாத ஊசி ஆபத்துதான். ஆனால் நாம் செய்தது என்ன? மேற்பார்வையைக் கட்டி எழுப்பிவிட்டு ஊசியைக் கொடுக்கலாம் என்று யோசிக்கவில்லை. ஊசியை எடுத்துவிட்டால் மேற்பார்வைக்கு அவசியமில்லை என்று முடித்துக்கொண்டோம். கட்சிரோலிச் சாதனையின் பெயர் மட்டும் நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்தது. சாவைத் தடுத்த பொருள் அங்கேயே தங்கிவிட்டது.

தமிழ்நாட்டின் கதை கொஞ்சம் வேறு. இங்கே ஆஷாக்கள் மலை, பழங்குடிப் பகுதிகளோடு சரி. காரணம், கிராம சுகாதார செவிலியர் என்ற ஏற்பாடு முன்பே வேரூன்றியிருந்தது. 5,000 பேருக்கு ஒருவர், மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒருவர். தன்னார்வலர் இல்லை, சம்பளம் வாங்கும் அரசு ஊழியர். 'நர்சம்மா' என்று ஊரே அறிந்த ஆள். தாய்சேய் நலத்தில் தமிழ்நாடு முன்னால் நிற்பதில் அவர்கள் பங்கு பெரிது. ஆனால் அவர்கள் கண் கர்ப்பிணி மீதும் குழந்தை மீதும் இருந்த காலத்தில் ஊர் மெல்ல மாறிவிட்டது. ஐம்பது வயதுக்காரர்கள் சர்க்கரையும் ரத்த அழுத்தமுமாக நின்றார்கள். 2020-ல் நடந்த மாநில அளவிலான கணக்கெடுப்பில், ரத்த அழுத்தம் உள்ளவர்களில் அது கட்டுக்குள் இருந்தது 7.3 சதவீதம் பேருக்கு. சர்க்கரை கட்டுக்குள் இருந்தது 10.8 சதவீதம் பேருக்கு. மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசம்தான். ஆனால் அதை வாங்கப் போகிற நாளில் கூலி போய்விடும்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இந்த இடைவெளியை நோக்கி வந்தது. மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து எடுக்கப்பட்ட சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள். அடுத்த கணக்கெடுப்பில் அந்த 7.3 என்பது 17 ஆகியிருந்தது. அதில் எத்தனை பங்கு இந்தத் திட்டத்தால் என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டு மடங்குக்கு மேல் என்பது நல்ல செய்தி, நூற்றுக்கு 83 பேர் இன்னும் வெளியே என்பதும் உண்மை.

தர்மபுரி மாவட்டத்தின் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே இருக்கும் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கையும் இங்கே விட்டுவிட முடியாது. ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி என்ற மருத்துவத் தம்பதி 1993 வாக்கில் அங்கே ஒரு கூரைக் கொட்டகையில் தொடங்கினார்கள். அப்போது சிசு இறப்பு ஆயிரத்துக்கு 147. அந்தப் பள்ளத்தாக்கின் பழங்குடிப் பெண்களையே பிரசவம் பார்க்கவும் அறுவை சிகிச்சையில் உதவவும் பழக்கினார்கள். ஊர்தோறும் வயதில் மூத்த பெண்களைத் தேர்ந்தெடுத்துக் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பார்த்துக்கொள்ளச் செய்தார்கள். வயதில் மூத்தவர் பேச்சை ஊரார் மதிப்பார்கள் என்பதால் மூத்தவர்கள். வேலைக்கு யாரை எடுப்பது என்பதில் இப்படி ஊர் தெரிந்த முடிவு இருந்தால் பாதி வேலை முடிந்தது. இறப்பு விகிதம் பின்னர் வெகுவாகக் குறைந்தது.

பணம் பற்றிப் பேசாமல் இதை முடித்தால் நேர்மையாக இருக்காது. 2025 பிப்ரவரியில் திருவனந்தபுரத்தில் தலைமைச் செயலகத்தின் முன்னால் ஆஷா பணியாளர்கள் உட்கார்ந்தார்கள். அப்போது கேரள அரசு தந்த மாத மதிப்பூதியம் 7,000 ரூபாய். அதை 21,000 ஆக்குங்கள், ஓய்வுபெறும்போது 5 லட்சம் கொடுங்கள் என்பது கோரிக்கை. வெயிலும் மழையும் பார்த்து மாதக்கணக்கில் நீடித்தது. ஏற்றத்தாழ்வைக் குறைக்க என்று ஏழைப் பெண்களைத் தேர்ந்தெடுத்து, அவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலியும் தராமல் 'தன்னார்வலர்' என்று பெயர் வைப்பதில் ஒரு கேலி இருக்கிறது. வேறு வழியே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. பிரேசிலில் 1987-ல் வறட்சியின்போது சியாரா மாநிலத்தில் இதேபோல ஏழைப் பெண்களை வைத்துத்தான் தொடங்கினார்கள். இன்று அங்கே சமூக நல முகவர்கள் சம்பளக்காரர்கள். குறைந்தபட்சக் கூலியைப்போல் இரண்டு மடங்குக்குக் குறையாமல் தர வேண்டும் என்று 2022-ல் அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள்.

கடைசியாக, நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். செய்யாறு பக்கத்தில் என் பெரியம்மா இருக்கிறார். அறுபத்து மூன்று வயது. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர். போன ஆண்டு நான் போயிருந்தபோது தன்னார்வலர் வந்தார். அதே தெருவில் நாலு வீடு தள்ளி இருப்பவர். திண்ணையில் உட்கார்ந்து கையில் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்தார். அதிகம் இருந்தது. எதுவும் சொல்லாமல் எழுந்து உள்ளே போய், மாடத்தில் இருந்த மாத்திரை அட்டையை எடுத்துவந்து எண்ணினார்.

"ஏன் பெரிம்மா, இத்தினி மாத்திரை மீந்திருக்கு?"

"போட்டா ஒண்ணுக்கு முட்டுது கண்ணு. ஏரி வேலைக்குப் போன எடத்துல எங்க போய் ஒதுங்கறது, சொல்லு."

நூறு நாள் வேலை நடக்கும் ஏரிக்கரையில் மறைவு கிடையாது. பெரியம்மா இதை டாக்டரிடம் சொல்லவில்லை. என்னிடமும் சொன்னதில்லை, ஒவ்வொரு முறை போனில் கேட்கும்போதும் "போடறேன்பா" என்றுதான் சொல்வார். இந்தப் பெண்ணிடம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார், ஏனென்றால் அவரும் அதே ஏரிக்கு மண் சுமந்தவர். அவர் சிரித்துக்கொண்டே, "எனக்கும் அதே கததான்" என்றார். ஆனால் மாத்திரையை எப்போது போடலாம் என்று மாற்றிச் சொல்லும் அதிகாரம் அவருக்கு இல்லை. நோட்டின் ஓரத்தில் குறித்துக்கொண்டார். "நர்சக்காகிட்ட கேட்டுட்டு வந்து சொல்றேன், அதுவரைக்கும் நிறுத்தாத பெரிம்மா."

நாலு நாள் கழித்து வந்து சொன்னாராம்: வேலை இருக்கிற நாளில் வீடு திரும்பியதும் போட்டுக்கொள், இல்லாத நாளில் காலையிலேயே போடு. நர்சு டாக்டரைக் கேட்டுத்தான் சொல்லியிருக்கிறார்.

அடுத்த மாதம் அட்டையில் இரண்டு மாத்திரைதான் மீதி. எந்த இரண்டு நாள் என்று கேட்டிருக்கிறார். கூழ் ஊற்றும் திருவிழா என்று பதில் வந்திருக்கிறது.